அமர்நீதியார் தராசில் ஒரு டி-சட்டை



போன தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் முன்னாடி, எங்கள் கிளையின் சாமான்களை வைத்திருக்கும் கோயில் ஸ்டோர் அறையைச் சுத்தம் செய்யும் வேலை எனக்கு வந்தது. செயலாளர் என்றால் கடிதம் எழுதுவது, கூட்டக் குறிப்பு எழுதுவது என்றுதான் நினைத்திருந்தேன். துடைப்பமும் அதில் சேர்த்தி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பெரிய அண்டாக்களுக்குப் பின்னால், பழைய பதாகைகளுக்கு அடியில், இரண்டு அட்டைப்பெட்டிகள். பிரித்துப் பார்த்தால் உள்ளே மஞ்சள் டி-சட்டைகள். பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றவில்லை. முன்பக்கம் வேல், பின்பக்கம் எங்கள் கிளையின் பெயர், உபயதாரர் கம்பெனியின் சின்னம், அதற்குக் கீழே பெரிய எழுத்தில் ஓர் ஆண்டு. அந்த ஆண்டு போய் இரண்டு தைப்பூசம் ஆகிவிட்டது.

எண்ணிப் பார்த்தேன். சரியாக 63.

"நாயன்மார் கணக்கு வந்திருச்சு!" என்று என்கூட வந்த தோழி சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு உள்ளுக்குள் ஒரு மாதிரி இருந்தது. ஏனென்றால் அந்தச் சட்டைகளை ஆர்டர் பண்ணியது நான்தான். எங்களுக்குத் தேவை 220, 230 இருக்கும். 300 எடுத்தால் ஒரு சட்டைக்கு விலை குறையும் என்று அச்சுக் கடையில் சொன்னார்கள். "குறைஞ்சா பிரச்சனை, கூடினா பரவால்ல" என்று செயலவையில் எல்லாரும் சொன்னார்கள். பணத்தை மிச்சம் பிடித்தேன் என்று அன்றைக்கு எனக்குப் பெருமைகூட.

வாட்சாப் குழுவில் போட்டேன்: "பழைய சட்டை 63 இருக்கு. இந்த வருஷம் தொண்டர்கள் கொஞ்சப் பேர் அதையே போட்டுக்கலாமா?" சிரிக்கும் பொம்மைகள் வந்தன. "வருஷம் போட்டிருக்கே தங்கச்சி" என்றார் ஓர் அண்ணன். "படத்துல நல்லா இருக்காது லா" என்றாள் இன்னொருத்தி. பேச்சு அதோடு முடிந்தது. புதுச் சட்டைக்கு ஏற்கெனவே முன்பணம் கொடுத்தாகிவிட்டது.

இங்கே யாரையும் கெட்டவர் என்று சொல்ல முடியாது. உபயதாரர் நல்ல மனசோடு கொடுத்தார். கடைக்காரர் தன் தொழிலைச் செய்தார். நான் கிளையின் பணத்தைப் பார்த்தேன். எல்லாரும் சரியாகத்தான் நடந்துகொண்டோம். ஆனாலும் ஏதோ ஒரு தப்பு நடந்திருக்கிறது. அது என்ன தப்பு, யாருடைய தப்பு என்பதுதான் இந்தக் கட்டுரை.

பருத்தி இயற்கைதானே?

நான் படிப்பது இரசாயனப் பொறியியல், மூன்றாம் ஆண்டு. எங்களுக்கு ஒரு பாடம் உண்டு. ஒரு பொருள் மண்ணிலிருந்து கிளம்பி, நம் கைக்கு வந்து, கடைசியில் குப்பைக்குப் போகிறவரைக்கும் எவ்வளவு எரிபொருள், எவ்வளவு தண்ணீர் செலவாகிறது, எவ்வளவு வாயு வானத்துக்குப் போகிறது என்று கணக்குப் பார்க்க வேண்டும். வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு என்று பெயர். ஆளுக்கு ஒரு பொருளை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். மற்றவர்கள் கைப்பேசி, தண்ணீர் போத்தல் என்று எடுத்தார்கள். நான் அந்த மஞ்சள் சட்டையை எடுத்துக்கொண்டேன்.

பருத்தி என்றால் செடி, செடி என்றால் இயற்கை, அதில் என்ன பாவம் என்றுதான் நானும் ஆரம்பித்தேன். செடி வளரும்போது காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்வது உண்மைதான். ஆனால் அந்தத் துணி ஒரு நாள் மக்கும், அல்லது எரியும். எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிடும். நடுவில் நாம் செலவழித்த எரிபொருள்தான் கணக்கில் நிற்கிறது.

முதலில் உரம். பருத்திக்கு நைட்ரஜன் உரம் நிறைய வேண்டும். யூரியாவை இயற்கை எரிவாயுவிலிருந்துதான் பெரும்பாலும் செய்கிறார்கள். நம் நாட்டிலேயே பிந்துலுவிலும் குருணிலும் அப்படித்தான். வயலில் போட்ட உரத்தில் ஒரு சிறு பங்கு நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயுவாக மாறி மேலே போகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு பூமியைச் சூடாக்குவது சுமார் 270 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். கொஞ்சம் போனாலே கணக்கு ஏறிவிடும்.

அடுத்தது மில். விதை எடுத்து, பேல் கட்டி, நூல் நூற்று, பின்னித் துணியாக்க எல்லாவற்றுக்கும் மின்சாரம். உலகத்திலேயே அதிகம் பருத்தி விளைவது சீனாவிலும் இந்தியாவிலும். இரண்டு நாட்டிலும் மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியில்தான் ஓடுகிறது.

அப்புறம் சாயம். என்னை உண்மையில் யோசிக்க வைத்தது இந்தக் கட்டம்தான். வெறும் பருத்தித் துணி மஞ்சளும் இல்லை, பளிச்சென்ற வெள்ளையும் இல்லை. அதை முதலில் சூடான தொட்டியில் வெளுக்க வேண்டும். பிறகு உப்புப் போட்டுச் சாயம் ஏற்ற வேண்டும். ஒட்டாத சாயம் போகும்வரை திரும்பத் திரும்ப அலச வேண்டும். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ துணிக்கு 10 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். அதை 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குக் கொண்டுபோக 2.5 மெகாஜூல் வேண்டும், அதாவது சுமார் 0.7 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். இது ஒரு தொட்டிக்கு மட்டும். துணி இப்படிப் பல தொட்டிகளில் முங்கி எழுகிறது. அந்தச் சூடு எல்லாம் ஏதோ ஒரு பாய்லரில் எரிந்ததுதான்.

சாயம் என்றதும் திருப்பூரைச் சொல்லாமல் இருக்க முடியாது. நம்மில் பல பேருக்குச் சொந்தக்காரர்கள் இருக்கும் கொங்கு நாட்டு ஊர் அது. பின்னலாடைக்குப் பேர் போனது. அங்கே ஓடும் நொய்யல் ஆறு சாயக் கழிவால் கெட்டுப்போய், விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் விதிமுறையைப் பின்பற்றாத சாயப் பட்டறைகளை மூடச் சொன்னது. இப்போது ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்பது விதி. நல்லதுதான். ஆனால் சாயத் தண்ணீரைச் சவ்வு வழியாகத் தள்ளி, மிச்சத்தைக் கொதிக்க வைத்து உப்பைத் தனியாகப் பிரிக்க நிறைய மின்சாரமும் நீராவியும் வேண்டும். ஆற்றைக் காப்பாற்றினால் வானத்துக்குப் புகை போகிறது. புகையை மிச்சம் பிடித்தால் ஆறு சாகிறது. பொறியாளர்கள் இரண்டையும் குறைக்கப் பாடுபடுகிறார்கள். ஆனால் செலவே இல்லாமல் ஒரு சட்டைக்குச் சாயம் ஏற்ற யாராலும் முடியவில்லை. நம்ம ஸ்டோரில் 63 சட்டை உறை பிரிக்காமல் கிடப்பதற்காக எங்கோ ஓர் ஊர் இந்தச் செலவைச் செய்திருக்கிறது.

கணக்கு

ஒரு பருத்தி டி-சட்டையைச் செய்து முடிக்க எவ்வளவு கரியமில வாயு? ஆய்வுக்கு ஆய்வு எண் மாறும். எந்த நாட்டுப் பருத்தி, எந்த மின்சாரம், என்ன நிறம் என்று எல்லாவற்றையும் பொறுத்தது. சில கிலோ என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை. என் பயிற்சிக்கு நான் 4 கிலோ என்று வைத்துக்கொண்டேன். இது தராசில் நிறுத்த எண் இல்லை, கணக்கை நகர்த்த ஒரு நடுத்தர எண், அவ்வளவுதான்.

சட்டையின் எடை 200 கிராம் இருக்கும். அதைச் செய்ய 4 கிலோ வாயு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ வாயு வரும். அப்படிப் பார்த்தால் ஒரு சட்டை என்பது ஒன்றே முக்கால் லிட்டர் பெட்ரோல். நம்ம சின்ன மோட்டார் சைக்கிளில் கோலாலம்பூரிலிருந்து சிரம்பான் போய், அதற்கு மேலும் கொஞ்ச தூரம் போகலாம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அந்தச் சட்டையை ஒரே ஒரு நாள் போட்டால், அந்த ஒரு நாளின் கணக்கு 4 கிலோ. பத்து முறை போட்டால் ஒவ்வொரு முறைக்கும் 400 கிராம். நூறு முறை போட்டால் 40 கிராம். சட்டை மாறவில்லை, செடி மாறவில்லை, சாயம் மாறவில்லை. நாம் எத்தனை முறை போடுகிறோம் என்பது மட்டும்தான் மாறுகிறது.

"துவைக்கிற செலவு?" என்று கேட்பீர்கள். குளிர் நாடுகளில் சுடுதண்ணீரில் துவைத்து, இயந்திரத்தில் காய வைக்கிறார்கள். அதனால் அங்கே செய்யப்பட்ட சில கணக்குகளில் துவைப்பதும் காய வைப்பதும் பெரிய பங்கு. நம்ம வீட்டில் பச்சைத் தண்ணீரில் துவைத்துக் கொடியில் காய வைக்கிறோம். ஒரு முறை துவைக்க 0.3 யூனிட், உள்ளே இருபது சட்டை, ஒரு யூனிட்டுக்கு 0.7 கிலோ வாயு என்று வைத்தால், ஒரு சட்டைக்கு சுமார் 10 கிராம். அதே இருபது சட்டையை மின்சார உலர்த்தியில் போட்டால் 3 யூனிட் ஆகும். ஒரு சட்டைக்கு 100 கிராம். நாற்பது முறை அப்படிக் காய வைத்தால் 4 கிலோ. இன்னொரு புதுச் சட்டை செய்த கணக்கு வந்துவிடும்!

விடுதியில் இருக்கும் நமக்கு இது கொஞ்சம் சுடும். மழை, கொடி கட்ட இடமில்லை, கீழே டோபி கடை திறந்தே இருக்கிறது. நானும் போகிறேன். திருக்குறிப்புத் தொண்டர் கதை ஞாபகம் இருக்கிறதா? அடியாரின் துணியைத் துவைத்துக் காய வைப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டதால் தலையைக் கல்லில் மோதப் போனாரே, அவர். மழைநாளில் துணி காய வைக்கும் கஷ்டம் புதுசு இல்லை. எல்லா நாளும் உலர்த்தியை விட முடியாது. வெயில் அடிக்கிற நாளிலாவது விடலாம்.

இன்னொரு செய்தி. நிகழ்ச்சிகளில் பிளாஸ்டிக் பைக்குப் பதிலாகத் துணிப்பை கொடுக்கிறோமே, அதைப் பற்றி. டென்மார்க்கின் சுற்றுச்சூழல் அமைப்பு 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. பருவநிலைக் கணக்கை மட்டும் பார்த்தாலே, ஒரு சாதாரணப் பருத்திப் பையைக் குறைந்தது 52 முறை பயன்படுத்தினால்தான் அது மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும் என்றது. இரசாயன உரம் போடாமல் விளைந்த பருத்தி என்றால் 149 முறை, விளைச்சல் குறைவதால். பிளாஸ்டிக் கடலில் செய்யும் கேடு தனிக் கதை, அதனால் பிளாஸ்டிக்குக்குத் திரும்புங்கள் என்று நான் சொல்லவில்லை. என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் பதினொரு துணிப்பை தொங்குகிறது என்பதைத்தான் சொல்கிறேன். எதையும் 52 முறை எடுத்ததாக ஞாபகம் இல்லை.

"நான் ஒருத்தி மாறினா என்ன ஆகப்போகுது?"

இதைக் குழுவில் சொன்னபோது ஒரு நண்பன் கேட்டான்: "மலேசியாவில் ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு எத்தனை டன் வாயு?" சுமார் 8 டன் என்றேன். "அப்ப ஒரு சட்டை இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. ஏர்கோன், கார், விமானம் எல்லாம் விட்டுட்டு சட்டையைப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறியே!"

நியாயமான கேள்வி. நான் பூசி மெழுகப் போவதில்லை. நம் வாழ்க்கையின் பெரிய பாரம் மின்சாரத்திலும் பயணத்திலும்தான் இருக்கிறது. சட்டையை மட்டும் திருத்தினால் உலகம் குளிர்ந்துவிடாது. எங்கள் 63 சட்டையும் சேர்ந்தால் சுமார் 250 கிலோ. ஒரு நிலக்கரி மின்நிலையம் கண் சிமிட்டும் நேரத்தில் விடும் அளவு.

அப்புறம் ஏன் உறுத்துகிறது?

நான் யோசித்தது இது. அஹிம்சை என்று நம் சமய வகுப்பில் சின்ன வயசிலிருந்து படிக்கிறோம். ஆனால் உயிரோடு இருப்பதே கொஞ்சம் தீங்கு செய்வதுதான். உழுதால் புழு சாகும். அடுப்பு மூட்டினால் புகை வரும். தைப்பூசத்தில் பத்துமலைக்கு வரும் இலட்சக்கணக்கான பேருக்குச் சாப்பாடு போட்டால் எரிவாயு செலவாகும். அந்தத் தீங்குக்கு எதிரே ஒரு பசி தீர்ந்த முகம் நிற்கிறது. தராசின் ஒரு தட்டில் தீங்கு, இன்னொரு தட்டில் பயன். எது கனம் என்று நாம் வாதாடலாம், தப்பாக நிறுத்தும் இருக்கலாம்.

உறை பிரிக்காத சட்டைக்கு எதிர்த்தட்டில் ஒன்றுமே இல்லை. பயிர் விளைந்தது, தண்ணீர் கொதித்தது, யாரோ தைத்தார், கப்பல் வந்தது. யாரும் உடுத்தவில்லை. தீங்கு சின்னதா பெரிதா என்று அளக்க வேண்டிய அவசியமே இல்லை. அளவு சின்னதாக இருப்பதால் அது சரியாகிவிடாது. கடையிலிருந்து பத்து காசு எடுத்தாலும் அதன் பெயர் திருட்டுதானே?

பதஞ்சலி யோக சூத்திரத்தில் ஐந்து யமங்கள் வருகின்றன. அஹிம்சையும் சத்தியமும் எல்லாருக்கும் தெரியும். கள்ளாமையாகிய அஸ்தேயமும், தேவைக்கு மேல் சேர்க்காமையாகிய அபரிக்கிரகமும் அதே பட்டியலில்தான் இருக்கின்றன. முன்பெல்லாம் இவை வேறு வேறு என்று நினைத்தேன். சட்டைக் கணக்குப் போட்ட பிறகு, ஒன்றின் பின்பக்கம்தான் மற்றது என்று தோன்றுகிறது. வானம் எல்லாருக்கும் பொது. அதில் இன்னும் எவ்வளவு புகை போகலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. நான் பயன்படுத்தாத ஒன்றுக்காக அதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டால், யாரிடமிருந்தோ எடுத்திருக்கிறேன். பெரும்பாலும் அந்த யாரோ இன்னும் பிறக்கவில்லை. அதனால் புகாரும் வராது.

இங்கேதான் எனக்கு அமர்நீதி நாயனார் ஞாபகத்துக்கு வந்தார். பெரிய புராணத்தில் படித்திருப்பீர்கள். பழையாறையில் பெரிய வணிகர். அடியார்களுக்குத் துணி கொடுப்பது அவர் தொண்டு. ஒரு நாள் ஒரு பிரம்மச்சாரி வந்து தன் கோவணம் ஒன்றைப் பத்திரமாக வைக்கக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போகிறார். திரும்பி வந்து கேட்டால் அது காணோம். அமர்நீதியார் உடனே என்ன செய்தார்? "புதுசா நல்லதா ஒண்ணு தர்றேன்" என்றார். நாமும் அதைத்தான் சொல்லியிருப்போம். வந்தவர் ஒத்துக்கொள்ளவில்லை. கையில் இருந்த இன்னொரு கோவணத்தைத் தராசில் வைத்து, அதற்குச் சரியான எடை வை என்றார். துணியாக வைத்தார், நூலாக வைத்தார், பொன்னும் மணியுமாக வைத்தார். தட்டு இறங்கவில்லை. கடைசியில் மனைவி மகனோடு தானும் ஏறி நின்றபோதுதான் தராசு சமமானது. வந்தவர் சிவபெருமான் என்பது நமக்குத் தெரிந்த முடிவு.

இதைப் பக்தியின் பெருமை சொல்லும் கதையாகத்தான் எப்போதும் கேட்டிருக்கிறேன். இப்போது எனக்கு இன்னொன்றும் கேட்கிறது. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட ஒரு சின்னத் துணிக்கு "புதுசு வாங்கிக்கலாம்" என்பது பதில் ஆகாது. 200 கிராம் என்பது அதன் எடை இல்லை. நான் 4 கிலோ வரைக்கும் கண்டுபிடித்தேன். அதுவும் முழு எடை இல்லை என்று எனக்குக் காட்டியது என் அம்மா.

அம்மாவின் கேள்வி

கல்யாணத்துக்கு முன்னாடி அம்மா பத்து பகாட்டில் ஒரு துணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். ஓவர்லாக் இயந்திரத்தில் கை மூட்டும் வேலை. எண்ணிக்கைக்குத்தான் கூலி. அந்தச் சம்பளத்தில்தான் என் மாமா படித்தார்.

நான் இந்தக் கதையெல்லாம் சாப்பாட்டு மேசையில் ஆவேசமாகச் சொல்லி முடித்ததும் அம்மா கேட்டார்: "ஏம்மா, நீங்கல்லாம் துணி வாங்குறதைக் குறைச்சிட்டா, அங்க தைக்கிற பிள்ளைங்க எங்க போகும்? அப்ப எங்க சட்டையை யாரும் வாங்கலன்னா உன் மாமா இன்னைக்கு எங்க இருந்திருப்பாரு?"

என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் முழுப் பதில் இல்லை. உலகத்தில் இலட்சக்கணக்கான குடும்பங்கள் தையல் கூலியில் சாப்பிடுகின்றன. விடுதியில் உட்கார்ந்துகொண்டு "வாங்காதே" என்று எழுதுவது எனக்குச் சுலபம். அவர்களுக்கு அப்படி இல்லை.

ஆனால் ஒன்று சொல்லத் தோன்றியது. மலிவாக நிறைய வாங்கி நிறையத் தூக்கிப் போடும் பழக்கம் அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறதா? 2013 ஏப்ரல் 24ஆம் தேதி பங்களாதேஷில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து விழுந்தது. 1,100-க்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். பெரும்பாலும் ஆயத்த ஆடை தைத்தவர்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிந்தும், ஆர்டரை முடிக்க உள்ளே போகச் சொன்னார்கள். ஒரு சட்டைக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்து, அதைப் பல வருஷம் போடுகிற உலகத்தில் அவர்களுக்குக் கூலி கூடுமா? தானாகக் கூடாது. அதற்குச் சட்டமும் சங்கமும் வேண்டும். ஆனால் ஒரு சட்டையை ஒன்றுமில்லாத பொருளாக நினைக்கிறவரைக்கும், அதைத் தைத்தவரையும் நாம் அப்படித்தான் நினைப்போம்.

அம்மாவிடம் இதை இவ்வளவு அழகாகச் சொல்லவில்லை. தடுமாறித்தான் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் நான் கொண்டுவந்திருந்த மஞ்சள் சட்டையை உறையிலிருந்து எடுத்தார். உள்பக்கம் திருப்பி, கை மூட்டிய இடத்தை விரலால் தடவி, இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தார்.

"நல்லா தைச்சிருக்காங்க. ஒரு இடத்துல நூல் ஓடல. இதைப் போய்ப் பெட்டியில வச்சிட்டீங்களே."

பேராசிரியர் அந்தப் பயிற்சிக்கு எனக்கு நல்ல மதிப்பெண் கொடுத்தார். அம்மா சொன்ன அந்த வாக்கியத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

யாரிடம் கேட்பது, யாரிடம் கேட்கக்கூடாது

இனிமேல் நிகழ்ச்சிச் சட்டையே வேண்டாம் என்று செயலவையில் சொல்லிவிடலாம் என்று தீர்மானித்தேன். அந்த வாரம் சமய வகுப்பில் ஒரு தம்பியைப் பார்த்தேன். பதின்மூன்று வயது. எங்கள் கிளையின் பழைய சட்டை ஒன்றைப் போட்டிருந்தான். எழுத்து பாதி உரிந்துவிட்டது, கழுத்து தொங்குகிறது. யோசித்துப் பார்த்தால் அவன் எல்லா வாரமும் அதைத்தான் போட்டுவருகிறான். அவன் வீட்டு நிலைமை எங்களுக்குத் தெரியும்.

அந்தச் சட்டையை அவன் நூறு முறைக்கு மேல் போட்டிருப்பான். கரிமக் கணக்கில் எங்கள் கிளையிலேயே அவன்தான் மேல். அதை அவன் விரும்பிச் செய்யவில்லை. அவனுக்கு அந்தச் சட்டை ஒரு கூட்டத்தில் தானும் ஒருவன் என்பதற்கு அடையாளம். அதை நிறுத்திவிட்டு "எளிமையாக இரு தம்பி" என்று சொல்ல எனக்கு என்ன உரிமை?

1921 செப்டம்பரில் மதுரையில் காந்தி தன் உடையை விட்டு அரைத் துணிக்கு மாறினார். கதர் வாங்கப் பணம் இல்லை என்று ஏழைகள் சொன்னதற்கு அவர் அவர்களுக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தான் குறைத்துக்கொண்டார். எளிமையை மேலே இருந்து கீழே பார்த்துக் கேட்கக்கூடாது என்று அதில் நான் புரிந்துகொண்டேன். அலமாரி நிறைந்தவர்தான் முதலில் குறைக்க வேண்டும். என் அலமாரியில் டி-சட்டை மட்டும் 34. முகாம், ஓட்டம், பல்கலைக்கழக விழா, இலவசம். எண்ணிய அன்றைக்கு எனக்கே வெட்கமாக இருந்தது.

தீபாவளிக்குப் புதுத் துணி வேண்டாமா என்று கேட்காதீர்கள், தாராளமாக வேண்டும். என் பாட்டி தோட்டத்தில் இருந்தபோது வருஷத்துக்கு ஒரு முறைதான் புதுத் துணி. மஞ்சள் தடவிக் கொடுத்ததை இன்றைக்கும் நிறத்தோடு சொல்வார். நமக்கு மாதம் ஒரு பொட்டலம் வீட்டு வாசலுக்கு வருகிறது. தீபாவளிச் சட்டை போன வருஷம் என்ன நிறம் என்று எனக்கு ஞாபகம் இல்லை. கோயிலுக்கும் அப்படித்தான். துவைத்த துணி வேண்டும் என்பார்கள். புதுத் துணிதான் வேண்டும் என்று எந்த அர்ச்சகரும் என்னிடம் சொன்னதில்லை.

ஆண்டு இல்லாத சட்டை

கடைசியில் கூட்டத்தில் நான் வைத்த கோரிக்கை சின்னது. சட்டையை நிறுத்த வேண்டாம். அதில் ஆண்டைப் போட வேண்டாம்.

யோசித்துப் பாருங்கள். அந்த 63 சட்டைக்கு ஒரு கிழிசலும் இல்லை, கறையும் இல்லை. அதைச் சாகடித்தது நாலு இலக்கம். பருத்தி பல வருஷம் உழைக்கும். நாம் அதன் முதுகில் கெடு தேதியை அச்சடித்துவிட்டோம்.

சுலபமாக முடியவில்லை. "உபயதாரர் ஒத்துக்க மாட்டார்" என்றார் பொருளாளர். "ஞாபகத்துக்கு வேணாமா?" என்றார் ஒரு அக்கா. கூட்டத்தில் தொண்டர்களை அடையாளம் தெரிய வேண்டும் என்றார் தலைவர் அண்ணன். அது நியாயம். தைப்பூசக் கூட்டத்தில் ஒரு குழந்தை தொலைந்தால் யாரிடம் ஓடுவது என்று தெரிய வேண்டும். ஆண்டு போட்ட தோள்பட்டை மட்டும் செய்து, முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்றேன். முதல் முறை வாக்கெடுப்பில் தோற்றேன். இரண்டாம் கூட்டத்துக்கு அம்மா சொன்ன வாக்கியத்தோடு அந்தச் சட்டையையும் கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். எல்லாரும் தொட்டுப் பார்த்தார்கள். உபயதாரரிடம் தலைவரே பேசினார். "என் பேரு நாலு வருஷம் ரோட்டுல நடக்கும்னா எனக்கு லாபம்தானே" என்று அவர் சிரித்தாராம். நாங்கள்தான் தேவையில்லாமல் பயந்திருக்கிறோம்.

அடுத்த முறை புதிதாகச் சேர்பவர்களுக்கு மட்டும் சட்டை. ஆண்டு இல்லை. பெயர் கொடுத்தவர்களின் எண்ணிக்கைக்கு மேல் ஒன்றுகூட அதிகம் எடுக்கக்கூடாது. கடைக்காரர் விலை கொஞ்சம் கூடும் என்றார். கூடட்டும் என்றோம்.

இதனால் உலகம் குளிர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஏர்கோனையும் காரையும் பற்றி நண்பன் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது, அதற்கும் ஒரு நாள் பதில் சொல்ல வேண்டும். ஆனால் கையில் இருக்கும் ஒரு துணியைக்கூட ஒழுங்காக நிறுக்கத் தெரியாதவர்கள், அதைவிடப் பெரியதை எப்படி நிறுப்போம்?

இந்த வாரம் உங்கள் அலமாரியைத் திறந்து ஒரு முறை எண்ணிப் பாருங்கள். எதை வாங்கினீர்கள் என்று பார்க்க வேண்டாம், எதை உடுத்தினீர்கள் என்று பாருங்கள். உங்கள் கிளையிலும் அண்டாவுக்குப் பின்னால் ஒரு பெட்டி இருக்கலாம்.

எங்கள் 63இல் இப்போது 22 மிச்சம். மற்றதைத் துப்புரவுப் பணிக்கும் பந்தல் கட்டவும் போட்டுக்கொள்கிறோம். ஆண்டைப் பார்த்து முதலில் சிரித்தவர்கள் இப்போது சிரிப்பதில்லை. நான் இதை எழுதும்போதும் அதில் ஒன்றைத்தான் போட்டிருக்கிறேன், பதினேழாவது முறையாக. மிச்சம் இருப்பது பெரும்பாலும் பெரிய அளவு. யாருக்காவது வேண்டும் என்றால் சொல்லுங்கள். போடுவதாக இருந்தால் மட்டும்.